கண்டன்சரை எடுத்த பிறகு

சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: இன்புட்டில் நிற்கிற கண்டன்சர் அங்கே இருந்துதான் ஆக வேண்டுமா? பாட்டு முழுவதும் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதை எடுத்துவிட்டு ஒரு துண்டுக் கம்பியை வைத்தால் பாட்டு இன்னும் தெளியுமா, இல்லை ஸ்பீக்கர் புகையுமா? இரண்டையும் அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. இந்த ஒற்றைப் பாகத்தோடு நான் வெகுகாலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதில் பிடிபட்டதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

நான் ஈயம் வைக்கக் கற்றது மதுரை செல்லூரில். வைகைக்கு வடகரையில், தறிச் சத்தம் ஓயாத தெருவொன்றில், மைக் செட் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சித்திரைத் திருவிழா முடிந்து செட்டுகள் கடைக்குத் திரும்பும்போது ரிப்பேர் வேலை குவிந்துவிடும். பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். கருகிய வாய்ஸ் காயிலுக்கென்று ஒரு வாசனை உண்டு. வார்னிஷும் காகிதமும் சேர்ந்து தீய்ந்த வாசனை. ஸ்பீக்கரைக் கழற்றாமலே, கோனுக்கருகில் மூக்கைக் கொண்டுபோய் அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பிறகு அது மாட்டியிருந்த ஆம்ப்பை மேஜைக்குக் கொண்டுவந்து, மீட்டரை டிசி வோல்ட்டுக்குத் திருப்பி, அவுட்புட்டில் குத்துவார். முள் அசைந்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

பாட்டு என்பது ஏசி. கோனை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும். டிசி வந்தால் கோன் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றுவிடும். வரும் மின்சாரம் அத்தனையும் காயிலில் சூடாகும். கோன் அசையாததால் காயிலுக்குக் காற்றோட்டமும் இருக்காது. அந்த வாசனைக்குக் காரணம் இவ்வளவுதான்.

அண்ணன் என்னைக் கட்டச் சொன்ன முதல் ஆம்ப் ஒரு ஜோடி 2என்3055 டிரான்சிஸ்டர் வைத்தது. 24 வோல்ட் ஒற்றை சப்ளை. ஒற்றை சப்ளை ஆம்ப்பில் அவுட்புட் முனை பாதி வோல்ட்டில், அதாவது 12 வோல்ட்டில் நின்றுகொண்டுதான் மேலும் கீழும் ஆடும். அந்த 12 வோல்ட் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்க 2200 மைக்ரோ ஃபாரட்டில் தடித்த கண்டன்சர் ஒன்று வரிசையில் உட்கார்ந்திருக்கும். இன்புட் டிரான்சிஸ்டரின் பேஸும் பூஜ்ஜியத்தில் நிற்காது, அந்தப் பாதி வோல்ட்டை ஒட்டித்தான் நிற்கும். அதனால் அங்கேயும் ஒரு கண்டன்சர். ஜான் லின்ஸ்லி ஹூட் 1969-இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட, இன்றைக்கும் பலர் கட்டிப் பார்க்கிற 10 வாட் கிளாஸ் ஏ ஆம்ப்பும் இந்த வகைதான். இந்த மாதிரி சர்க்யூட்டில் இன்புட் கண்டன்சரை எடுத்தால் பயாஸ் வோல்ட்டேஜ் பாட்டு வந்த வழியே டேப் ரிக்கார்டர் பக்கம் இறங்கி, சர்க்யூட்டே நிலைகுலையும். ஆகவே அந்தக் காலத்தில் எனக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை.

கேள்வி எழுந்தது சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு. சனிக்கிழமை மத்தியானங்களில் ரிச்சி தெருவில் அலைவது பழக்கமானது. நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்3886 அப்போது எல்லார் வாயிலும் அடிபட்ட ஐசி. 11 கால்கள், பிளஸ், மைனஸ் 28 வோல்ட் கொடுத்தால் 4 ஓமில் 68 வாட். ஜப்பானில் 47 லேபரட்டரி என்ற சிறு நிறுவனம் 1999-இல் இதே குடும்பத்து எல்எம்3875-ஐ வைத்து கெயின்கார்டு என்று ஓர் ஆம்ப்பைக் கொண்டுவந்திருந்தது. கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய பாகங்களில் இவ்வளவு நல்ல ஒலி வரும் என்பது உலகம் முழுக்க வீட்டில் ஈயம் வைக்கிறவர்களை உசுப்பிவிட்டது. பாகம் குறையக் குறைய ஒலி சுத்தமாகும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுத்தது. அந்த எண்ணத்தின் கண் முதலில் விழுந்தது இன்புட் கண்டன்சர் மேல்.

இந்த ஐசிக்கு இரட்டை சப்ளை. நான் சுற்றவைத்த டிரான்ஸ்பார்மர் 18-0-18. டையோடு, ஃபில்டர் எல்லாம் தாண்டி பிளஸ் 25, மைனஸ் 25 கிடைத்தது. இன்புட்டும் அவுட்புட்டும் பூஜ்ஜிய வோல்ட்டில் நிற்கும். இரண்டு பக்கமும் பூஜ்ஜியம் என்றால் நடுவில் தடுப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றுவது நியாயந்தான்.

நான் வாங்கிய போர்டில் இன்புட்டில் இருந்தது பச்சை நிற மைலார் கண்டன்சர். 104 என்று அச்சிட்டிருந்தது, அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். அதற்குப் பின்னால் கிரவுண்டுக்கு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர். பம்பு வைத்து ஈயத்தை உறிஞ்சிவிட்டு, அந்த மைலாரைக் கழற்றி, வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் கால் ஒன்றை வளைத்து அதே ஓட்டைகளில் வைத்துப் பாட்டுப் போட்டேன். மிருதங்கத்தின் தொப்பி, அதுவரை தட்டல் மட்டுமாகக் கேட்டது, ரவை ஒட்டிய தோலின் கனத்தோடு வந்து நின்றது. இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று கூடவே நடக்க முடிந்தது. கண்டன்சரை எடுத்தால் ஒலி தெளியும் என்று சொன்னவர்கள் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று எவருக்கும் தோன்றும்.

ஆனால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டால் வேறு கதை தெரியும். 0.1 மைக்ரோ ஃபாரட்டும் 22 கிலோ ஓமும் சேர்ந்தால் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியை வெட்டிக்கொண்டே போகும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் பாதியாக இளைத்துத்தான் உள்ளே நுழையும். நான் கேட்ட வித்தியாசம் கண்டன்சர் என்ற பொருளின் குற்றம் அல்ல, அதன் அளவு போதாததால் வந்தது. அதே ஓட்டையில் 4.7 மைக்ரோ ஃபாரட் வைத்தால் வெட்டு 1.5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காதுக்கு எட்டும் எதையும் அது தொடாது. கண்டன்சரை எடுத்ததும் திரை விலகியது என்று பரவசப்படுகிறவர்களில் பலர் உண்மையில் எடுத்தது இப்படிப்பட்ட சிறிய கண்டன்சரைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சரிபார்க்க ஒரு வழி செய்தேன். ஆறு கால் டாகிள் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, ஒரு பக்கம் கண்டன்சர், மறுபக்கம் வெறும் கம்பி என்று இரண்டு சேனலுக்கும் வயர் இழுத்தேன். அறைத்தோழன் முதுகுக்குப் பின்னால் இருந்து மாற்றுவான். மாற்றும்போது ‘டப்’ என்று சத்தம் வந்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதால் வால்யூமைக் குறைத்து, சற்றுப் பொறுத்து, பழைய குறிக்கே ஏற்றுவான். மைலார் 104-ஐ நான் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தேன். அந்த இடத்தில் 4.7 மைக்ரோ ஃபாரட் பாலிபுரோப்பிலீனை வைத்ததும் என்னால் சொல்ல முடியவில்லை. அவனை உட்காரவைத்து நான் மாற்றியபோதும் அதேதான். எங்கள் இருவருக்கும் இசை என்றால் உயிர். கேட்காததைக் கேட்டதாகச் சொல்ல இருவருக்கும் மனமில்லை.

இந்த விவாதத்துக்குப் பெரிய வரலாறே உண்டு. வால்ட் ஜங்கும் ரிச்சர்ட் மார்ஷும் 1980-இல் ‘ஆடியோ’ இதழில் கண்டன்சர் தேர்வைப் பற்றி எழுதிய கட்டுரைகள்தான் எந்தப் பொருளில் செய்த கண்டன்சர் என்பதை ஆம்ப் கட்டுகிறவர்களின் பேச்சுக்குக் கொண்டுவந்தன. 2002-இல் தொடங்கி சிரில் பேட்மன் ‘எலெக்ட்ரானிக்ஸ் வேர்ல்ட்’ இதழில், ஒவ்வொரு வகைக் கண்டன்சரும் சேர்க்கும் சிதைவைத் தாமே அளந்து தொடராக எழுதினார். மலிவான சில செராமிக் வகைகள் மோசம், பாலிபுரோப்பிலீன் பிலிம் சுத்தம் என்று எண்களால் காட்டினார். டக்ளஸ் செல்ஃப் சொல்லும் வழி எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் சிதைவு உண்டாக்க வேண்டுமானால் அதன் இரண்டு காலுக்கும் நடுவே சிக்னல் வோல்ட்டேஜ் விழ வேண்டும். அளவைப் பெரிதாக்கிவிட்டால் அங்கே வோல்ட்டேஜே விழாது. விழாத இடத்தில் சிதைவு எப்படி வரும்? 22 கிலோ ஓமுக்கு முன்னால் 1 மைக்ரோ ஃபாரட் வைத்தால் 20 ஹெர்ட்ஸில் சிக்னலில் மூன்றில் ஒரு பங்கு கண்டன்சர் மேலேயே விழுகிறது. 4.7 வைத்தால் எட்டு சதவீதம் கூட இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் எனக்குக் கண்டன்சர் இல்லாமல் கட்டிப் பார்க்கும் ஆசை போகவில்லை. ஒலிக்காக அல்ல. ஒரு பாகம் தேவையில்லை என்று தைரியமாகச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற ஒவ்வொன்றையும் அளந்து தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு என் ஆம்ப்பை நான் அறிய விரும்பினேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனிடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“எடுக்கலாம் தம்பி. முன்னாடி யாரு இருக்கா, பின்னாடி யாரு இருக்கான்னு மீட்டர்ல பாத்துட்டு எடு.”

“நீங்க எடுப்பீங்களாண்ணே?”

“என் செட்டுல எடுக்க மாட்டேன். கல்யாண வீட்டுல எவன் எதைக் கொண்டாந்து சொருகுவான்னு எனக்குத் தெரியாது. உன் வீட்டுல சொருகுறது நீதானே.”

முன்னாடி யார்? என் டிவிடி பிளேயரைத் திறந்து பார்த்தேன். ஆர்சிஏ சாக்கெட்டுக்குச் சற்று முன்னால் இரண்டு சேனலுக்கும் ஆளுக்கொரு 10 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலைட்டிக். ஆக, டிசியைத் தடுக்கும் வேலையை அங்கேயே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, என் போர்டில் அதே வேலைக்கு இரண்டாவது ஆள். நானே கட்டிய டோன் கண்ட்ரோல் வேறு விஷயம். பேக்ஸண்டால் 1952-இல் வெளியிட்ட சர்க்யூட்டை என்இ5532 வைத்துக் கட்டியது. அவுட்புட்டில் கண்டன்சர் கிடையாது. மீட்டரில் துளி டிசி தெரிந்தது. சிறியதுதான், ஆனால் என் ஆம்ப் சிக்னலை 21 மடங்காகப் பெருக்குகிறது. டிசியையும் 21 மடங்கு பெருக்கிவிட்டால்?

இங்கேதான் பின்னாடி யார் என்ற கேள்வி. எல்எம்3886-இன் தரவுத்தாளில் இன்னொரு கண்டன்சர் உண்டு. ஃபீட்பேக் பாதையில், 1 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குக் கீழே, கிரவுண்டுக்குப் போகும் வழியில். இன்புட் கண்டன்சரைப் பற்றிப் பேசுகிற பலர் இதைக் கவனிப்பதில்லை. பாட்டுக்கு 21 மடங்கு, டிசிக்கு ஒரே மடங்கு என்று பிரித்து வைப்பது இதுதான். இது இருக்கும்வரை, முன்னால் இருக்கும் கருவி பழுதாகி 1 வோல்ட் டிசி அனுப்பினாலும் ஸ்பீக்கருக்குப் போவது 1 வோல்ட்தான். 8 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 6 ஓம் காட்டும். 1 வோல்ட்டுக்குக் காயிலில் விழுவது கால் வாட்டுக்கும் குறைவு. இந்தக் கண்டன்சரையும் எடுத்துவிட்டால் அதே 1 வோல்ட் 21 வோல்ட்டாகும். 70 வாட்டுக்கு மேல், சுத்தமான டிசி, நிறுத்தாமல். அண்ணன் கடை வாசனை அதுதான்.

இரண்டையும் எடுத்துவிட்டு ‘முழு டிசி ஆம்ப்’ என்று பெருமையாகக் காட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். என்ன நடக்கிறது என்று பார்க்க, ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டரை மாட்டி நானும் செய்தேன். முதலில் இன்புட் கண்டன்சரை மட்டும் எடுத்து, ஹீட் சிங்க் சூடேறும்வரை காத்திருந்து, மீட்டரை 200 மில்லி வோல்ட்டில் வைத்து, வால்யூமை மெதுவாகத் திருப்பினேன். எண் ஒன்றிரண்டு மில்லி வோல்ட்டுக்கு மேல் நகரவில்லை. அடுத்து ஃபீட்பேக் கண்டன்சரையும் ஷார்ட் செய்தேன். இப்போது குமிழைத் திருப்பத் திருப்ப எண் ஏறியது. டோன் கண்ட்ரோல் மாட்டியிருக்கும்போது முக்கால் சுற்றைத் தாண்டியதும் உச்சம். அதன் பிறகு இறங்கி, கடைசிச் சுற்றில் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஜாக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்பினால் இறங்கவே இல்லை, கடைசிவரை ஏறியது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். காரணம் முழுக்கத் தரவுத்தாளிலேயே இருந்தது. ஐசியின் இன்புட் காலில் 0.2 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு ஒரு சின்ன மின்னோட்டம் எப்போதும் ஓடும். கண்டன்சர் இருந்தால் அது 22 கிலோ ஓம் வழியாக மட்டும் போகும்; அளவு மாறாது. கண்டன்சரை எடுத்துவிட்டால் வால்யூம் கண்ட்ரோலும் அதன் வழியில் வந்துவிடுகிறது. 50 கிலோ ஓம் கண்ட்ரோலின் மையத்தில் ரெசிஸ்டன்ஸ் 12.5 கிலோ ஓம். 22 கிலோ ஓமோடு சேர்ந்தால் 8. அதை 0.2-ஆல் பெருக்கி, மறுபடி 21-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 34 மில்லி வோல்ட். மீட்டர் காட்டியதும் அந்த அக்கம்பக்கந்தான். லாக் கண்ட்ரோலில் ரெசிஸ்டன்ஸின் பாதி முக்கால் சுற்றுக்குப் பிறகுதான் வரும் என்பதால் உச்சம் அங்கே வந்தது. 34 மில்லி வோல்ட் எந்த ஸ்பீக்கரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் குமிழைத் தொட்டாலே கரகரவென்று சத்தம் வந்தது. டிசி ஓடும் கண்ட்ரோல் அப்படித்தான் அரற்றும். சுத்தமான ஒலிக்காக ஒரு பாகத்தை எடுத்து, பாட்டு நடுவே கரகரப்பை வாங்கிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

எனவே ஃபீட்பேக் கண்டன்சரைத் திரும்ப வைத்தேன். 220 மைக்ரோ ஃபாரட், முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு பெரியது. வெட்டு 1 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விட்டது. இன்புட்டில் கம்பி அப்படியே இருந்தது. அவுட்புட்டில் யுபிசி1237 வைத்த ரிலே போர்டு ஒன்றைச் சேர்த்தேன். டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும், ஸ்விட்ச் போட்டதும் சற்றுத் தாமதித்தே இணைக்கும். இன்புட் கண்டன்சர் இல்லாத ஆம்ப்பில் இதை வைக்காமல் நல்ல ஸ்பீக்கரை மாட்டக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை. டிஎல்072 வைத்து டிசி செர்வோ போடலாமே என்பார்கள். போடலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்த செர்வோவுக்குள்ளும் ஒரு கண்டன்சர் உட்கார்ந்து கீழ்ச் சுரங்களை அதே கணக்கில்தான் வெட்டுகிறது.

சில வருடம் அந்த ஆம்ப் அப்படியே பாடியது. பிறகு அலுவலக நண்பர் ஒருவர் 12ஏஎக்ஸ்7 வால்வு வைத்துக் கட்டிய ப்ரீஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அழகான வேலை, தேக்குப் பெட்டி, வயரெல்லாம் நூல் பிடித்தாற்போல. மாட்டுவதற்கு முன் அவுட்புட்டை அளந்தேன். வால்வு சூடேறி நிலைகொண்ட பிறகும் மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் டிசி நின்றது. பழைய வால்வு ரேடியோவிலிருந்து எடுத்த காகிதக் கண்டன்சர்களை அவர் ஆசையாக அவுட்புட்டில் வைத்திருந்தார். பார்க்கப் புதிதுபோல இருந்தன. ஆனால் வால்வின் பிளேட்டில் நிற்பது 150 வோல்ட். காகிதம் வயதாகி 10 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தாலே போதும், 50 கிலோ ஓம் கண்ட்ரோலில் முக்கால் வோல்ட் வந்து நிற்கும். அவரிடம் மீட்டரைக் காட்டினேன். “நல்லாத்தானே பாடிச்சு சார்!” என்றார். அவர் வீட்டு ஆம்ப்பில் இன்புட் கண்டன்சர் இருந்தது. அதனால் நன்றாகப் பாடியது.

அந்த வாரமே காகிதக் கண்டன்சர்களை எடுத்துவிட்டு 400 வோல்ட் பாலிபுரோப்பிலீன் வைத்துக்கொடுத்தேன். டிசி மீட்டரில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. என் ஆம்ப்பிலும் ஒரு மாற்றம் செய்தேன். ஆஸிலோஸ்கோப்பின் முகப்பில் ஏசி, டிசி என்று ஒரு ஸ்விட்ச் இருக்குமே, டிசியில் சிக்னல் நேராகவும் ஏசியில் கண்டன்சர் வழியாகவும் போக, அதையே பின்பலகையில் வைத்தேன். அறைத்தோழனோடு முன்பு சோதித்த அதே டாகிள், அதே 4.7 மைக்ரோ ஃபாரட் ஜோடி. போர்டில் அவற்றுக்கு இடம் போதாது; ஸ்விட்ச் கால்களிலேயே படுக்கவைத்து, அசையாமல் இருக்கப் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். என் டோன் கண்ட்ரோலுக்கு டிசி. வெளியிலிருந்து எது வந்தாலும், அளந்து முடிக்கும்வரை ஏசி.

சென்ற ஆண்டு அண்ணன் மகள் தெருவில் பரத வகுப்பு தொடங்கினாள். அவளுக்கும் ஓர் எல்எம்3886 கட்டிக்கொடுத்தேன். ஸ்விட்ச் வைக்கவில்லை, 4.7 மைக்ரோ ஃபாரட்டை நேராகப் போர்டிலேயே ஈயம் வைத்துவிட்டேன். அங்கே மாணவிகளின் அம்மாக்கள் ஆளுக்கொரு போனைக் கொண்டுவந்து சொருகுவார்கள். அண்ணன் மூடியைக் கழற்றச் சொல்லி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்தார். கண்டன்சரை விரலால் தொட்டு, “இது இருக்கட்டும்” என்றார். பிறகு மீட்டரை எடுத்து டிசி வோல்ட்டுக்குத் திருப்பினார்.